‘பார்பேரியன்’ என்ற ஒரே சொல்லை வைத்து இணைய அகராதிகளை உரசிப் பார்த்தேன்

போன ஆடி மாதம் ஒரு வசனவரி (சப்டைட்டில்) வேலை வந்தது. ரோமப் பேரரசின் கடைசி நூறு ஆண்டுகளைப் பற்றிய ஆறு பகுதி ஆவணத்தொடர். கதைசொல்லி பேசுவது பிரெஞ்சில். நடுநடுவே ஜெர்மன், இத்தாலிய, ஸ்பானியப் பேராசிரியர்கள் வந்து அவரவர் மொழியில் பேசுகிறார்கள். துணைக்கு ஓர் ஆங்கிலப் பிரதியும் கொடுத்திருந்தார்கள். ஒரு வரிக்கு 38 எழுத்து, திரையில் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது. பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். பிரெஞ்சு நன்றாகத் தெரியும், ஜெர்மன் அகராதி துணையோடு படிப்பேன், மற்ற இரண்டும் ஆங்கிலப் பிரதியைப் பிடித்துக்கொண்டுதான்.

முதல் பகுதியைப் பார்த்து முடித்ததுமே ஒரு சொல் குறுக்கே விழுந்தது. பிரெஞ்சில் ‘பார்பார்’, ஜெர்மனில் ‘பர்பாரன்’, இத்தாலியத்தில் ‘பார்பரி’, ஸ்பானியத்தில் ‘பார்பரோஸ்’, ஆங்கிலப் பிரதியில் ‘பார்பேரியன்ஸ்’. ஆறு பகுதியிலும் சேர்த்து 64 இடம். என்னோடு வேலை பார்க்கும் தம்பி, “அக்கா, எல்லாத்துக்கும் ‘காட்டுமிராண்டி’ன்னு ஒரே அடியா மாத்திடலாமா?” என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. கையில் இருக்கும் எந்த ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திறந்தாலும் அதுதான் முதலில் வரும்.

ஆனால் தொடரின் முதல் பத்து நிமிடத்திலேயே ஸ்டிலிக்கோ வருகிறார். அப்பா வாண்டல் என்ற ஜெர்மானிய இனத்தவர், அம்மா ரோமப் பெண். மேற்கு ரோமப் படை முழுவதற்கும் அவர்தான் தளபதி. 408-இல் அவரை ராவென்னாவில் வைத்துத் தலையை வெட்டினார்கள். இரண்டே வருடத்தில் கோத் இனத்தவரின் தலைவர் அலாரிக் ரோமுக்குள் நுழைந்துவிட்டார். கதைசொல்லி ஸ்டிலிக்கோவைக் குறிக்கவும் அதே ‘பார்பார்’ என்ற சொல்லைத்தான் சொல்கிறார், அதில் கோபமும் இல்லை, இழிவும் இல்லை. ரோமப் படையை நடத்திய ஒரு மனிதரின் முகத்துக்குக் கீழே ‘காட்டுமிராண்டி’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் மூன்று வாரம் இந்த ஒரு சொல்லையும் அதன் உறவுக்காரச் சொற்களையும் வைத்து, கிடைத்த இணைய அகராதிகளையெல்லாம் தேய்த்துப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்களுக்கும், சொல்லின் வேரைத் தோண்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காசு போன கதை. கைப்பேசியில் ஒரு சொற்பிறப்புச் செயலி. வருடச் சந்தா 799 ரூபாய். பெயர் சொல்ல விரும்பவில்லை. பார்க்க அழகாக இருந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் வண்ணத்தில் ஒரு வேர் படம். ‘பார்பேரியன்’ என்று போட்டால், லத்தீனில் தாடியைக் குறிக்கும் ‘பார்பா’விலிருந்து வந்தது, தாடி வளர்த்தவன் என்று பொருள், முடிவெட்டும் ‘பார்பர்’ இதற்குத் தம்பி என்று காட்டியது. நம்பும்படியாகத்தான் இருந்தது. அதை வைத்து வாடிக்கையாளருக்கு ஒரு விளக்கக் குறிப்பும் எழுதி அனுப்பிவிட்டேன். சரிபார்ப்பவர் மறுநாளே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். முடிவெட்டும் ‘பார்பர்’ தாடியிலிருந்து வந்ததுதான், அதில் சந்தேகமில்லை. ஆங்கிலத்தின் ‘பியர்ட்’ என்ற சொல்லும் அந்த லத்தீன் ‘பார்பா’வும் ஒரே ஆதி வேர். ஆனால் ‘பார்பேரியன்’ வேறு குடும்பம். ஓசை ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். செயலியில் எந்தச் சொல்லுக்கும் ஆதாரம் எங்கே என்று காட்டவே இல்லை, அதை நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். ஆதாரம் காட்டாத சொற்பிறப்பைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

அதற்குப் பிறகு நான் பயன்படுத்திய எல்லாமே இலவசம்.

முதலிடம் லோகெயோன் தளத்துக்கு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடத்துகிறார்கள். கிரேக்கச் சொல்லோ லத்தீன் சொல்லோ எதைப் போட்டாலும், பல பழைய பெரிய அகராதிகளின் பதிவுகள் ஒரே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். கிரேக்கத்துக்கு லிடல்–ஸ்காட் அகராதி. 1843-இல் முதல் பதிப்பு வந்தது, இப்போது எல்லோரும் பயன்படுத்துவது 1940-இல் முடிந்த ஒன்பதாம் பதிப்பு. லத்தீனுக்கு 1879-இல் வந்த லூயிஸ்–ஷார்ட். இடைக்கால லத்தீனுக்கு டியூ காஞ்ச். இந்த மூன்றையும் அச்சில் வாங்கினால் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு போய்விடும்.

கிரேக்கப் பதிவில் ‘பார்பரோஸ்’ என்று தேடினேன். கிரேக்கன் அல்லாதவன், அயலான், அதுவும் முக்கியமாகப் பேச்சால் அயலான். புரியாத மொழி காதில் ‘பர்-பர்’ என்று விழுகிறது, அந்த ஒலியே பெயராகிவிட்டது. இது இன்றைய அறிஞர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஸ்ட்ராபோ என்ற பழைய புவியியலாளரே தன் நூலின் பதினான்காம் பகுதியில், திக்குவாய், மழலை ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களோடு சேர்த்து வைத்து, இதுவும் அப்படிப் பிறந்த ஒலிச்சொல்தான் என்று எழுதியிருக்கிறார். ஹோமரிடம் ‘பார்பரோஸ்’ தனியாக வருவதே இல்லை. இலியத்தின் இரண்டாம் பாகம், 867-ஆம் அடியில் ஒரே ஒரு முறை, டிராய் பக்கம் நின்று சண்டைபோட்ட காரியர்களைப் பற்றி ‘பார்பரோஃபோனோய்’ என்று வருகிறது. ‘பர்-பர் குரலுடையோர்’. அவர்கள் கொடியவர்கள் என்றோ காட்டில் திரிந்தவர்கள் என்றோ அங்கே ஒரு சொல்கூட இல்லை. பேச்சு வேறு, அவ்வளவே. பாரசீகப் போர்களுக்குப் பிறகுதான் அந்தச் சொல்லில் இளக்காரம் ஏறுகிறது.

சமஸ்கிருதத்திலும் ‘பர்பர’ என்ற சொல் உண்டு. திக்கிப் பேசுவதையும் ஆரியரல்லாத அயலாரையும் அது குறிக்கும். காது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

லத்தீன் பக்கத்துக்கு இறங்கியபோது கிடைத்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். கிரேக்கன் பார்வையில் ரோமனும் ‘பார்பரஸ்’தானே? பிளாட்டஸ் என்ற நாடகக்காரர், கிரேக்க நாடகங்களை லத்தீனுக்குக் கொண்டுவந்தவர். ஒரு நாடகத்தின் முன்னுரையில், “பிலேமோன் எழுதினார்; பிளாட்டஸ் பார்பரத்தில் பெயர்த்தார்” என்று சொல்கிறார். பார்பரம் என்றால் இங்கே லத்தீன்! ரோமின் சொந்தக் கவிஞரான நேவியஸையும் இன்னொரு நாடகத்தில் ‘பார்பரக் கவிஞர்’ என்று குறிப்பிடுகிறார். ஒரு மொழிபெயர்ப்பாளர் தன் தாய்மொழியையே இந்தச் சொல்லால் அழைத்த இடத்தை நான் பார்த்தது ராத்திரி ஒன்றரை மணிக்கு. அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

லோகெயோனின் பலமே இதுதான். பொருளை மட்டும் சொல்லிவிட்டுப் போகாது. யார், எந்த நூலில், எத்தனையாவது அடியில் சொன்னார் என்று எண்ணோடு தரும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: லூயிஸ்–ஷார்ட் 1879-ஆம் வருடத்து நூல். மேற்கோளுக்கு அதை நம்பலாம். அதில் வரும் சொற்பிறப்பைப் புதிய நூலோடு ஒப்பிட்ட பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ‘பார்பரஸ்’ நாக்கிலிருந்து வந்த சொல் என்றால், நம்முடைய ‘காட்டுமிராண்டி’க்கு ஐரோப்பாவில் யார் சோடி? அதற்குப் பதில் பிரெஞ்சுக்காரர்களிடம் கிடைத்தது.

நான்சி நகரில் இருக்கும் ஆய்வு நிலையத்தார் தயாரித்த பிரெஞ்சு மொழிப் பேரகராதி, 1971-இலிருந்து 1994 வரை பதினாறு தொகுதிகளாக வந்தது. அது முழுவதையும் சி.என்.ஆர்.டி.எல். தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மேலே வரிசையாகத் தாவல்கள் இருக்கும்: பொருள் ஒன்று, சொற்பிறப்பு ஒன்று, ஒருபொருள் பன்மொழி ஒன்று. ‘சோவாஜ்’ என்ற சொல்லைப் போட்டுச் சொற்பிறப்புத் தாவலைத் தட்டினேன். லத்தீனில் ‘சில்வா’ என்றால் காடு. ‘சில்வாட்டிகஸ்’ காட்டைச் சேர்ந்தது. பிற்கால லத்தீனில் வாய்ப்பேச்சில் அது ‘சல்வாட்டிகஸ்’ என்று திரிந்தது. அதிலிருந்து பிரெஞ்சின் ‘சோவாஜ்’, ஸ்பானியத்தின் ‘சால்வாஹே’, போர்ச்சுகீசியத்தின் ‘செல்வாஜெய்ன்’, இத்தாலியத்தின் ‘செல்வாஜ்ஜோ’, ருமேனியத்தின் ‘சல்பாட்டிக்’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனதுதான் ‘சாவேஜ்’.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். காட்டுமிராண்டியின் சோடி ‘சாவேஜ்’. அதிலும் காடு, இதிலும் காடு. ‘பார்பேரியன்’ காட்டைப் பற்றிய சொல்லே இல்லை, அது காதையும் நாக்கையும் பற்றிய சொல். ஒன்று ஒருவன் எங்கே குடியிருக்கிறான் என்று பார்க்கிறது. மற்றது அவன் பேசுவது எனக்குப் புரிகிறதா என்று பார்க்கிறது. இரண்டையும் தமிழில் ஒரே சொல்லுக்குள் போட்டு இத்தனை வருடம் அடைத்து வைத்திருக்கிறோம். ‘நாகரிகமற்றவன்’ என்று போடுவதும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. அது மூன்றாவது வகை, நகரத்தான் கிராமத்தானைப் பார்க்கும் பார்வை. லத்தீனில் அதற்குத் தனி வேர்கள் இருக்கின்றன. ‘பாகானஸ்’ என்றால் நாட்டுப்புறத்தான். பின்னால் கிறிஸ்தவன் அல்லாதவன் என்று ஆகி ஆங்கிலத்தின் ‘பேகன்’ ஆனது. கிழக்கே போனதும் இன்னும் இறங்கிவிட்டது: ரஷ்ய மொழியில் ‘பொகானி’ என்றால் அருவருப்பானது, ‘பொகான்கா’ என்றால் விஷக்காளான். பண்ணையில் வேலை செய்தவன் ‘வில்லானஸ்’. அவன்தான் நம் சினிமாவில் இன்றும் அடி வாங்கும் வில்லன். உழுதவனுக்கு ஐரோப்பிய மொழிகள் கொடுத்த கூலி இது. இதைப் படித்தபோது எனக்கு ‘பட்டிக்காட்டான்’ என்ற நம் சொல் ஞாபகம் வந்து மனசு சங்கடப்பட்டது.

பிரெஞ்சுப் பேரகராதியின் இன்னொரு பலம், இலக்கிய மேற்கோள்கள் குவிந்து கிடப்பது. ‘சோவாஜ்’ என்பதைக் கூச்ச சுபாவமுள்ள, யாரோடும் ஒட்டாத ஆளுக்கும் சொல்வார்கள் என்பதை நான் அங்கேதான் உறுதிசெய்துகொண்டேன். ‘வாண்டலிசம்’ என்ற சொல்லின் கதையும் அப்படியே. வாண்டல்கள் ரோமைக் கொள்ளையடித்தது 455-இல். அவர்கள் பெயரில் ஒரு குற்றத்தை உருவாக்கியது பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1794-இல், கிரெகுவார் என்ற பாதிரியார். கலைப்பொருள்களை உடைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பழி ஏறியது பதின்மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்த ஓர் இனத்தின் தலையில். இதை ஐந்தாம் பகுதியில் ஒரு பேராசிரியர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். பின்னணி தெரியாமல் இருந்திருந்தால் அந்த வரியை நான் சொதப்பியிருப்பேன். இந்த அகராதி 1994-உடன் நின்றுவிட்டது, இன்றைய கொச்சைப் பேச்சு அதில் கிடைக்காது. என் வேலைக்கு அது குறையாகத் தெரியவில்லை.

ஜெர்மனுக்கு டி.டபிள்யூ.டி.எஸ். என்ற தளம். பெர்லின்–பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் நடத்துவது. ஒரு சொல்லைத் தேடினால் பொருள், எடுத்துக்காட்டு, வோல்ஃப்காங் ஃபைஃபர் தலைமையில் 1989-இல் வந்த சொற்பிறப்பு அகராதியின் பதிவு, அந்தச் சொல் 1600-லிருந்து எவ்வளவு புழங்கியது என்று காட்டும் கோட்டுப்படம் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். பக்கம் முழுவதும் ஜெர்மனில்தான். என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பொறுமையாக உட்கார வேண்டும்.

உட்கார்ந்தால் பலன் உண்டு. ஜெர்மன் வீடுகளில் பிள்ளைகளிடம் ‘பிராஃப்’ ஆக இரு என்பார்கள். சமர்த்தாக இரு, சொன்ன பேச்சைக் கேள் என்று பொருள். இந்தச் சொல் பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளிலிருந்து வந்தது. அங்கே ‘பிராவ்’, ‘பிராவோ’. ஆங்கிலத்தில் ‘பிரேவ்’, வீரமுள்ளவன். கச்சேரி முடிந்ததும் கைதட்டிச் சொல்லும் ‘பிராவோ’வும் இதுவே. பழைய இத்தாலியத்தில் பிரபுக்கள் கூலிக்கு வைத்திருந்த அடியாளுக்குப் பெயர் ‘பிராவோ’. ஸ்பானியத்தில் ‘தோரோ பிராவோ’ என்றால் களத்தில் விடும் முரட்டுக் காளை. இவற்றின் வேர் ‘பார்பரஸ்’ என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கோணல், கெட்டது என்ற பொருளுள்ள ‘பிராவஸ்’ என்ற லத்தீன் சொல் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ‘பார்பரஸ்’ கட்சி ஜெயித்தால், அடங்காதவன் என்று தொடங்கிய சொல் அடங்கி உட்காரும் குழந்தையில் வந்து முடிந்திருக்கிறது. நல்ல அகராதி இங்கே ‘இருக்கலாம்’ என்ற சொல்லை விடாமல் எழுதுகிறது. நான் காசு கொடுத்த செயலி, ஒரு சொல்லுக்கும் ‘இருக்கலாம்’ என்று எழுதியதில்லை.

அதே தளத்தில் ‘கௌடர்வெல்ஷ்’ என்ற சொல்லையும் பாருங்கள். புரியாத உளறல் என்று பொருள். பின்பாதியான ‘வெல்ஷ்’, ஒரு காலத்தில் ஜெர்மானியர்கள் லத்தீன் வழி மொழி பேசியவர்களுக்கு வைத்த பெயர். சீசர் குறிப்பிடும் வோல்க்கே என்ற கெல்டிக் குலத்தின் பெயரிலிருந்து கிளம்பி, அயலான் என்ற பொதுப்பொருளுக்கு விரிந்தது. பிரிட்டனின் வெல்ஷ்காரர்கள், பெல்ஜியத்தின் வலோன்கள், ருமேனியாவின் வலாக்கியா, போலந்துக்காரர்கள் இத்தாலிக்கு வைத்திருக்கும் ‘வ்வோஹி’ என்ற பெயர், ஆங்கிலத்தின் ‘வால்நட்’ எல்லாம் அந்த ஒரே சொல்லின் பிள்ளைகள். ரோமன் ஜெர்மானியர்களை ‘பர்-பர்’ என்றான். ஜெர்மானியர்கள் ரோமன் வாரிசுகளின் பேச்சை ‘உளறல்’ என்றார்கள். கணக்கு நேராகிவிட்டது.

ஸ்பானியத்துக்கு அரச மொழிக்கழகத்தின் அகராதி. 2014-இல் வந்த இருபத்துமூன்றாம் பதிப்பைத் தளத்தில் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். பதிவுகள் சுருக்கமாக இருக்கும், இலக்கிய மேற்கோள் எதிர்பார்க்கக்கூடாது. ஆனால் அந்தச் சுருக்கமே என்னை ஒரு பெரிய தவறிலிருந்து காப்பாற்றியது. மூன்றாம் பகுதியில் ஒரு ஸ்பானியப் பேராசிரியர் ரோமர் கட்டிய ஒரு நீர்க்கால்வாயின் கீழே நின்று, மேலே பார்த்து, கண்கள் விரிய, அது ‘உனா கோசா பார்பரா’ என்கிறார். தம்பி சொன்னபடி ஒரே அடியாக மாற்றியிருந்தால் திரையில் ‘காட்டுமிராண்டித்தனமான ஒன்று’ என்று வந்திருக்கும். அகராதியில் ‘பார்பரோ’வுக்குக் கொடூரமானவன், முரடன், துணிச்சல்காரன் என்று போய், கடைசிப் பொருள்களில் ‘மிகப் பெரிய’, ‘அருமையான’ என்று இருக்கிறது. நம் ஊரில் ‘பயங்கரமா இருக்கு’ என்று பாராட்டுவோமே, அதே வழி. நான் ‘அசுரத்தனமான வேலை!’ என்று போட்டேன். அந்த ஒரு வரிக்கு வாடிக்கையாளர் தனியாகப் பாராட்டி எழுதினார்.

இத்தாலியத்துக்கு ட்ரெக்கானி. அகராதியும் கலைக்களஞ்சியமும் ஒரே இடத்தில் இருப்பதால், ஒரு சொல்லைத் தேடப் போய் வரலாற்றில் விழுந்துவிடலாம். நான் விழுந்தது பார்பெரினி குடும்பத்தில். அந்தக் குடும்பத்தில் பிறந்த எட்டாம் உர்பான் 1623-இலிருந்து 1644 வரை போப்பாக இருந்தவர். ரோமின் பாந்தியன் கோயில் முகப்பில் இருந்த பழைய வெண்கலத்தை எடுத்து உருக்கச் சொன்னார். மறுநாளைக்கு ஊர் வாயில் ஒரு லத்தீன் வசனம்: ‘பார்பரர்கள் செய்யாததைப் பார்பெரினிகள் செய்தார்கள்.’ நகரைச் சூறையாட வந்தவர்கள்கூட விட்டுவைத்ததை உள்ளூர்க்காரர் கழற்றினார். தொடரின் கடைசிப் பகுதியில் இந்த வசனம் வருகிறது. தமிழில் ‘பார்பர–பார்பெரினி’ என்ற மோனையை விட முடியாது. ‘அயலார்’ என்று போட்டால் செத்துவிடும். அந்த ஓர் இடத்தில் மட்டும் ‘பார்பரர்’ என்றே வைத்தேன்.

ஆங்கிலத்துக்குத் தனி மனிதர் ஒருவர் பல வருடமாகக் கட்டிவரும் எட்டிமான்லைன். டக்ளஸ் ஹார்ப்பரின் உழைப்பு. கைப்பேசியில் சட்டென்று பார்க்க இதைவிட நல்லது இல்லை, பெரிய நூல்களைத் திறக்கும் முன் வழி தெரிந்துகொள்ளலாம். ‘ரூபார்ப்’ என்ற கிழங்குச் செடியின் பெயருக்குள் ‘பார்பரஸ்’ ஒளிந்திருப்பதை அங்கே பார்த்தேன். ‘ரா’ என்பது வோல்கா ஆற்றின் பழைய பெயர். ஆற்றங்கரையில் விளைந்த கிழங்குக்கும் அதே பெயர் என்று நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதியிருக்கிறார். அயல்நாட்டு ரா, ‘ரா பார்பரும்’. இதே இனக் கிழங்கைத்தான் நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று கேட்டு வாங்குகிறோம். அது பாரசீக வழியில் வந்த பெயர். ‘சின்னி’ என்றால் சீனத்தது. மேற்கே போன கிழங்குக்கு ‘அயலான்’ என்று பெயர், நம்மிடம் வந்ததற்கு ஊர்ப் பெயர்.

யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய விக்சனரியைப் பலரும் ஏளனமாகப் பேசுவார்கள், நான் பேச மாட்டேன். சிறிய மொழிகளுக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை, ‘வழிவந்த சொற்கள்’ என்று அது போடும் கிளைப்படம் வேறெங்கும் இவ்வளவு அகலமாக இல்லை. ரஷ்யனில் ‘வர்வர்’, போலிஷில் ‘பர்பஜின்ட்சா’, செர்பியனில் ‘வர்வரின்’, பக்கத்துக் குரோவேஷியனில் ‘பர்பர்’. ஏன் இந்த வித்தியாசம்? இடைக்காலக் கிரேக்கத்தில் ‘ப’ ஒலி ‘வ’ ஆகிவிட்டது. கான்ஸ்டான்டினோபிளிலிருந்து கிறிஸ்தவமும் எழுத்தும் வாங்கியவர்கள் ‘வ’ என்றார்கள், ரோமிலிருந்து லத்தீன் வழியாக வாங்கியவர்கள் ‘ப’ என்றார்கள். ஒரு மெய்யெழுத்தைப் பார்த்தே எந்தக் கோயிலில் முழந்தாளிட்டவர்கள் என்று சொல்லிவிடலாம். ஒரே நிபந்தனை: பதிவின் அடியில் நூல் ஆதாரம் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் மற்றொன்றில் பார்த்துவிட்டு எடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு தமிழுக்கு என்ன போட்டேன்? குறுந்தொகையின் பதினோராம் பாட்டில் மாமூலனார், வடுகர் எல்லைக்கும் கட்டி என்ற குறுநில மன்னனின் நாட்டுக்கும் அப்பால் போன தலைவனைப் பற்றிச் சொல்லும்போது ‘மொழிபெயர் தேஎத்தர்’ என்கிறார். மொழி மாறிவிடும் நாட்டில் இருப்பவர். ‘பார்பரஸ்’ தொடங்கிய அதே புள்ளியில் நின்று, ஒரு துளி இளக்காரம் இல்லாமல் சொன்ன சொல். அதில் என் தொழிலின் பெயரும் இருக்கிறது. வசனவரியில் அதை அப்படியே போட முடியாது, பார்ப்பவர் நின்று யோசிப்பதற்குள் காட்சி ஓடிவிடும். கிரேக்கர் பேசும் இடங்களில் ‘வேற்றுமொழியார்’, ரோமர் காலத்துப் படைகளுக்கும் குடியேறிகளுக்கும் ‘அயலார்’, இகழ்ச்சியாகவே சொன்ன ஏழு இடங்களில் மட்டும் ‘காட்டுமிராண்டி’ என்று முடிவு செய்தோம். தம்பிதான் 64 இடத்தையும் தனித்தனியாகத் திறந்து உட்கார்ந்து பிரித்தான்.

அவனுக்கு இது ஏன் அவசியம் என்று புரிந்தது இரண்டாம் பகுதியில். ரோமிலிருந்து கி.பி. 8-இல் நாடு கடத்தப்பட்ட கவிஞர் ஒவிட், கருங்கடல் ஓரத்தில் தோமிஸ் என்ற ஊரில், இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சாவில், லத்தீன் தெரியாத மனிதர்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதிய வரி அங்கே வருகிறது. ‘பார்பரஸ் ஹிக் எகோ சும்’ என்று தொடங்கும். அவனுடைய முதல் வரைவு: ‘இங்கே காட்டுமிராண்டி நான்தான், ஏனென்றால் என் பேச்சு யாருக்கும் புரியவில்லை.’ வாய்விட்டுப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். “அக்கா, இந்த ‘ஏனென்றால்’ ஒட்டவே மாட்டேங்குதே” என்றான். பேச்சு புரியாததற்கும் காட்டுமிராண்டிக்கும் என்ன சம்பந்தம்? அழித்துவிட்டு அவனே திரும்ப அடித்தான்.

‘இங்கே என் பேச்சு யாருக்கும் புரியவில்லை;
இங்கே வேற்றுமொழியான் நான்தான்.’

முதல் வரி 38 எழுத்துக்குள் அடங்கிவிட்டது. நேரக்குறியைச் சரிபார்த்துச் சேமித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போனோம்.